புகையே விடாத கம்பெனியிலிருந்து சம்பந்திக்கு

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய சம்பந்தி, ஒடுகத்தூர் விறகு மண்டி முதலாளி திரு. முனிரத்தினம் அவர்களுக்கு, ஆம்பூரிலிருந்து பஞ்சாட்சரம் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் சுகம். விஜயகுமாரிக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி. சௌந்தர்யா நிச்சயதார்த்தப் புடவைக்காக வேலூர் லாங் பஜாரில் இருக்கிற கடைகளை எல்லாம் புரட்டிப் போட்டுவிட்டு, கடைசியில் முதல் கடையில் முதலில் பார்த்த புடவையையே எடுத்துக்கொண்டு வந்தாள். அங்கே சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை பாண்டியனும் நல்லபடியாக இருக்க வேண்டும். உங்கள் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும்.

போனில் பேச வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. மண்டி ஆளுக்குப் போட்டால், "ஐயா வெளிய போய்ட்டாரு" என்கிறான், அவனுக்குப் பின்னால் நீங்கள் இருமுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது. உங்கள் கோபம் நியாயமானது. அன்று எங்கள் கம்பெனி கேட்டில் நான் உங்களை முன்பின் தெரியாத ஆளைப் போல நடத்தினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது, எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை நீங்கள் அதே லாரியில், அதே கேட்டுக்கு, விறகை நிறைய ஏற்றிக்கொண்டு மறுபடியும் வரவேண்டும். வந்து, சைரா என்கிற பெண்ணிடம், இந்தக் கம்பெனி பாய்லருக்கு வருஷக்கணக்காக விறகு போடுகிறவன் நான்தான் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் எனக்கு வேலை இருக்காது. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் வேலை போனவன் எந்த முகத்தோடு உங்கள் முன்னால் தாம்பூலத் தட்டை நீட்டுவான்? காரியம் எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

எங்கள் கம்பெனியில் தோலும் பதனிடுகிறோம், ஷூவும் தைக்கிறோம், அதில் பாய்லர், ஜெனரேட்டர், கேன்டீன் மூன்றும் என் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றே அதைச் சொல்லிவிட்டுத்தானே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போன மாதம் முதலாளி நயீம் அகமது என்னைக் கூப்பிட்டனுப்பினார். நம்மிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி இன்னும் சில வருஷங்களில் நெட் ஜீரோ ஆகப் போகிறதாம். அவர்கள் ஆக வேண்டுமானால், அவர்களுக்குத் தைத்துக் கொடுக்கிற நாமும் ஆக வேண்டுமாம். அதாவது நாம் விடுகிற கரியமில வாயுவை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வந்து, என்ன செய்தாலும் குறையாத கடைசிக் கொஞ்சத்துக்கு மட்டும் மரம் வளர்ப்பது மாதிரி ஏதாவது ஈடு செய்து, கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வரவேண்டும். ஆகாதவர்களிடம் ஷூ வாங்கமாட்டார்களாம். இதைச் சொல்லிவிட்டு முதலாளி, "பஞ்சாட்சரம், ஒரு லைட் ஜாஸ்தி எரிஞ்சாக்கூட உங்களுக்குத் தூக்கம் வராது. இனிமே நீங்கதான் நம்ம கார்பன் ஆபீசர்" என்றார். நானும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலமே வீட்டில் ஆரம்பித்துவிட்டேன். ஹாலில் எரிந்த விளக்கை அணைத்தேன், பிரிட்ஜைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தேன், குழம்பை ஒரு நாள் வைத்து இரண்டு நாள் சாப்பிட்டால் கேஸ் எவ்வளவு மிச்சமாகும் என்று விஜயகுமாரிக்கு விளக்கினேன். "இன்னா ஜீரோவோ இன்னவோ, அத உங்க கம்பெனியோட வெச்சிக்கோங்க" என்று சொல்லி அவள் விளக்கைப் போட்டாள். மறுநாள் கம்பெனியில், தையல் பிரிவில் ஒரு மின்விசிறி விட்டு ஒரு மின்விசிறியை நிறுத்தினேன். நின்ற விசிறிகளின் கீழே இருந்த பெண்கள் எல்லாம் எழுந்து போய் ஓடுகிற விசிறிகளின் கீழே உட்கார்ந்துகொண்டார்கள், மெஷின்கள் தனியாக நின்றன. அந்தத் திட்டத்தை அன்று மத்தியானமே கைவிட்டேன்.

அப்போதுதான் புகைக் கணக்குப் பார்க்க, ஷூ வாங்குகிற கம்பெனியின் சார்பில் ஆடிட் வருகிறது என்று செய்தி வந்தது. இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், சம்பந்தி. ஆடிட் நாளன்று எங்கள் கம்பெனி எங்களுக்கே அடையாளம் தெரியாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். தீ வாளிகளில் புது மணல் கொட்டுவோம். முதலுதவிப் பெட்டியில் இருக்கிற பீடிக்கட்டை எடுத்துவிட்டுப் பஞ்சு வைப்போம். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் ஒத்திகை நடக்கும். ஒரு தடவை குழந்தைகள் காப்பகத்தில் குழந்தையே இல்லாமல் போய், வாட்ச்மேன் தன் பேரனைக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டார், எட்டாவது படிக்கிற பேரன், முழங்காலுக்குக் கீழே எல்லாம் தொட்டிலுக்கு வெளியே இருந்தது. நீங்களும்கூட இதைத் தவறாக நினைக்கக் கூடாது. நீங்கள் பெண் பார்க்க வந்தபோது உட்கார்ந்த சோபா எதிர்வீட்டுக்காரருடையது. வருகிறவர்களுக்கு நல்லபடியாகக் காட்ட வேண்டும் என்பது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

கார்பன் ஆடிட்டையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். புகையைப் பார்க்க வருகிறவருக்குப் புகையே இல்லாத கம்பெனியைக் காட்டினால் போயிற்று என்று கணக்குப் போட்டேன். முதலாளியும், "நல்லா பண்ணுங்க" என்றார். முந்தின நாள் சாயங்காலமே பாய்லரை அணைத்து, சாம்பலைக் கூட்டிக் கழுவினேன், கோலம் போடாததுதான் பாக்கி. ஜெனரேட்டரைத் தார்பாயால் மூடி, மேலே குரோட்டன்ஸ் தொட்டிகளை அடுக்கினேன். கேன்டீனில் அடுப்பு மூட்டவில்லை, டீயை வெளியே இருந்து வாளியில் கொண்டுவந்தோம். எல்லாருடைய டூவீலர்களையும் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தச் சொல்லி, யார் கேட்டாலும் நடந்து வருகிறோம் என்று சொல்லும்படி உத்தரவு போட்டேன். கடைசியாக உங்கள் மண்டிக்கும் போன் போட்டு, நாளைக்கு லோடு வேண்டாம் என்று சொன்னேன். எடுத்தவன் சரி சரி என்றான். அவன் யாரிடம் சொன்னானோ தெரியாது, உங்களிடம் சொல்லவில்லை.

வந்தவர் பெயர் சைரா. சின்ன வயது, கழுத்தில் அட்டை, கையில் கேமரா, காலில் மண்ணில் நடக்கிறவர்கள் போடுகிற பெரிய ஷூ. நான் மாலை வாங்கி வைத்திருந்தேன், வேண்டாம் என்றுவிட்டார். ஜெனரேட்டர் முன்னால் நின்று, "இது இன்னா சார்?" என்றார். தோட்டம் என்றேன். தோட்டத்திலிருந்து டீசல் வாசனை வந்தது, அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "எந்த வருஷத்தைக் கணக்குக்கு ஆரம்பமா வெச்சிக்கலாம் சார், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். எந்த ஆடிட்டிலும் இருப்பதிலேயே அழகானதைத்தானே எடுத்து நீட்டுவோம்? கொரோனாவில் ஊரே அடைத்துக் கிடந்த வருஷத்துக் கரண்ட் பில்களை நீட்டி, இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். என் மனதுக்குள் ஒரு பெருமை, அதை மறைக்கவில்லை.

பிறகு தையல் பிரிவில் ஹெலன் என்கிற பெண்ணிடம் நின்றார். ஹெலன் பஸ்ஸிலேயே முக்கால் மணி நேரம் ஆகிற பேரணாம்பட்டிலிருந்து வருகிறது.

"வேலைக்கு எப்படி வருவீங்க?"

"நடந்துதான் மேடம் வர்றேன்."

"பேரணாம்பட்டுல இருந்தா?"

"ஆமா மேடம்."

"அப்போ காலைல எப்ப கெளம்புவீங்க?"

"டிபன் சாப்ட்டுட்டுக் கெளம்பிடுவேன்" என்றது ஹெலன். சைரா போனை எடுத்து வரைபடத்தில் ஏதோ பார்த்தார், பிறகு பையில் போட்டுக்கொண்டார்.

அவரைக் கேட் வரைக்கும் கொண்டுவந்து, வணக்கம் சொல்லக் கையைக்கூடக் குவித்துவிட்டேன். அந்த நேரம்தான் உங்கள் லாரி ஹாரன் அடித்தது. விறகு கேபினுக்கு மேலே எழும்பி நிற்கிறது. சைரா உடனே கேமராவைத் தூக்கிப் படம் பிடித்தார். "இது உங்க பாய்லருக்கா சார்?" என்றார். "எங்களுக்கு இல்ல மேடம், பிரியாணிக் கடைக்குப் போற லோடு, வழி தெரியாம வந்துட்டாங்க" என்றேன். அதற்குள் நீங்கள் கேபினிலிருந்து இறங்கி, சௌந்தர்யாவுக்குக் கொண்டுவந்த கொய்யாப்பழப் பையோடு, "சம்பந்..." என்று பாதி சொல்லிக்கொண்டே என்னை நோக்கி வருகிறீர்கள். நான் கையை நீட்டித் தடுத்து, "பெரியவரே, அட்ரஸ் தெரியலன்னா வெளிய விசாரிங்க, கேட்ல வண்டிய நிறுத்தாதீங்க" என்று சொன்னேன். உங்கள் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, திரும்பி லாரியில் ஏறிவிட்டீர்கள். லாரி பின்னாலேயே நகர்ந்து ரோட்டுக்குப் போனது. சம்பந்தி, எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் மகளைக் கொடுக்கப் போகிற வீட்டுப் பெரியவரை, என் வயதே ஆன மனிதரை, பெரியவரே என்று கூப்பிட்டுத் துரத்தினேன். இதை விஜயகுமாரியிடம் சொன்னபோது அவள் என்னைத் திட்டக்கூட இல்லை, அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இவ்வளவு செய்ததற்குப் பலனாவது கிடைத்ததா என்றால், அதையும் கேளுங்கள். அடுத்த வாரம் முதலாளி கூப்பிட்டார். மேஜையில் போன் ஸ்பீக்கரில் இருந்தது, அதில் சைரா பேசினார்.

"சார், நான் பரீட்சை வைக்க வரல. எடை பாக்க வந்தேன். இன்னிக்கு எவ்ளோ புகை விடறீங்களோ அதான் ஆரம்பம். அதுல இருந்து மொதல்ல பாதியாக் குறைக்கணும், அப்புறம் இன்னும் குறைக்கணும். நீங்க காட்டுனபடி பாத்தா உங்க கம்பெனி ஒரு டீக்கடை விடற புகையக்கூட விடல. இப்போ அதுல பாதிதான் விடலாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பக்கத்துக் கம்பெனியில் என்ன செய்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சுண்ணாம்பு அடிக்க நேரமில்லாமல் இருந்ததை இருந்தபடியே காட்டியிருக்கிறார்கள். ஆவி ஒழுகுகிற குழாய், கறுப்பாய்ப் புகை தள்ளுகிற பாய்லர், நாளெல்லாம் உறுமுகிற ஜெனரேட்டர் எல்லாம் கணக்கில் ஏறிவிட்டது. இப்போது அவர்கள் குழாய் ஓட்டையை அடைத்தால் அது ஒரு குறைப்பு, கூரையில் சோலார் போட்டால் அது ஒரு குறைப்பு, ஆட்களுக்குப் பஸ் விட்டால் அதுவும் ஒரு குறைப்பு. நாங்கள் எதை அடைத்து எதைக் குறைப்பது? எங்களிடம்தான் தோட்டத்தையும் நடக்கிற ஆட்களையும் தவிர வேறு ஒன்றும் இல்லையே.

முதலாளி சத்தம் போடவில்லை. எனக்கு ஒரு டீ சொன்னார். அவர் ஒருவனை உட்கார வைத்து டீ சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். "என்ன பேஜார் பண்ணிட்டீங்க பஞ்சாட்சரம். பொண்ணுக்குக் கல்யாணம் வருது இல்ல? இனிமே நிம்மதியா வீட்ல இருந்து அத கவனிங்க" என்றார். நான் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு சந்தர்ப்பம் கேட்டேன். இங்கேயிருந்து கணக்கு இன்னும் வெளிநாட்டுக்குப் போகவில்லை. சைராவிடம் நானே பேசி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கெஞ்சினேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, வியாழக்கிழமை மறுபடி வருகிறேன் என்றது.

அதனால் இப்போது கம்பெனியில் உண்மை சொல்வதற்கு ஒத்திகை நடக்கிறது. இதைப் போல ஒரு கஷ்டமான ஒத்திகையை நான் பார்த்ததே இல்லை. "பஸ்லதான் மேடம் வர்றேன்" என்று ஹெலன் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறது, கேட்கிற எனக்கே நம்பிக்கை வரவில்லை. பாய்லர்காரர், ஜாஸ்தி காட்டினால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தனக்கு இரண்டு லாரி இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்று எவ்வளவு சொன்னாலும், அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

கரண்டுக்கு இந்த வருஷத்து பில் இருக்கிறது, டீசலுக்கும் இருக்கிறது. விறகுக்குத்தான் ஒன்றும் இல்லை. உங்களுக்கும் எனக்கும் நடுவில் என்றைக்கு பில் இருந்தது? லாரி வரும், விறகு இறங்கும், நீங்கள் ஒரு டீ குடித்துவிட்டுப் போவீர்கள். அந்தப் பழக்கத்தில்தானே பேச்சு வளர்ந்து பெண் கொடுக்கிற வரைக்கும் வந்தது. ஆனால் சைரா, "உங்க வாயில வர்றத நான் இனிமே எழுத முடியாது சார். விறகு போடறவர் வந்து சொல்லட்டும், எழுதிக்கறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பாய்லர்தான் எங்கள் புகையில் பெரும்பங்கு. அது ஏறாவிட்டால் கணக்கு நிற்காது. என் வேலை இப்போது உங்கள் வாய்ச்சொல்லில் இருக்கிறது.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் மனிதன் இல்லை. நீங்கள் வந்து இவ்வளவு லோடு என்று சொன்ன பிறகு, அது வருஷா வருஷம் குறையத்தான் போகிறது. கூரையில் வெயிலில் தண்ணீர் சுடவைக்கிற குழாய்கள் போடப் போகிறார்கள், அப்போது பாய்லருக்குப் பாதி வேலைதான். உங்கள் வியாபாரத்தைக் குறைப்பதற்கு உங்களையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். ஆனால் மீதிப் பாதிக்கு, மரத்தை வெட்டாமல், வேர்க்கடலைத் தோலை அழுத்திச் செய்த கட்டிகளை எரிக்கலாம் என்று சைராவே சொன்னார். ஒடுகத்தூரில் கடலைத் தோலுக்கு என்ன பஞ்சம்? மாப்பிள்ளை அந்த மெஷின் ஒன்றைப் போட்டால், ஆர்டர் உங்கள் மண்டிக்குத்தான் என்று முதலாளியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு வேலை இருந்தால் அதை நடத்திக் கொடுப்பேன்.

அன்று நடந்ததை மனதில் வைக்காமல், வியாழக்கிழமை காலையில் லாரியோடு வாருங்கள். இந்தத் தடவை கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நானே ரோட்டில் நின்று, ஊர் பார்க்க, சம்பந்தி என்று கூப்பிட்டு அழைத்துப் போகிறேன். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளை நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், என் மகளோடு. உங்கள் மண்டியும் வாழ வேண்டும், எங்கள் பாய்லரும் கொஞ்ச நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
பஞ்சாட்சரம்.

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை பாண்டியன் பைக்கில் வந்து இறங்கினார். கையில் பெரிய இனிப்புப் பெட்டி. "அப்பா குடுத்தனுப்பினாரு மாமா. இப்படி ஒரு சம்பந்தி கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காரு" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பிறகு அவர் சொன்னார். அன்றைய லோடில், காட்டில் அனுமதி இல்லாமல் வெட்டிய மலைக்கட்டை கொஞ்சம் கலந்திருந்ததாம். கழுத்தில் அட்டையும் கையில் கேமராவுமாக நின்ற சைராவை நீங்கள் வனத்துறை ஆபீசர் என்று நினைத்தீர்களாம். நான் சமயத்தில் உங்களைத் தெரியாதவர் போலப் பேசி, பிரியாணிக் கடை லோடு என்று சொல்லி, ஜெயிலுக்குப் போகாமல் உங்களைக் காப்பாற்றிவிட்டேனாம். போனை அணைத்து வைத்தது கோபத்தில் இல்லையாம், ஆபீசர் நம்பரைப் பிடித்துவிடுவார் என்ற பயத்திலாம்.

ஆக, மேலே நான் கேட்ட மன்னிப்பு எதுவும் தேவையில்லை, அதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் படியுங்கள். மாப்பிள்ளையிடம் வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மெதுவாக, "அப்பா அதுக்கும் சொல்லி அனுப்பிச்சிருக்காரு மாமா. எந்த ஆபீசர் வந்து எப்படி மடக்கிக் கேட்டாலும், உசுரே போனாலும், உங்க கம்பெனிக்கு ஒரு குச்சிகூடப் போட்டதில்லன்னுதான் சொல்வாராம். நீங்க தைரியமா இருங்க" என்றார். ஐயோ மாப்பிள்ளை, உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்றேன். "புரியுது மாமா, வெளிய நாம அப்படித்தான் சொல்லிக்கணும்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சம்பந்தி, அந்தப் பெண் வனத்துறை இல்லை. நீங்கள் என் மேல் வைத்திருக்கிற விசுவாசத்தை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுங்கள்.